சியாங்மாயில் ஒரு கிண்ணம் சீயக்காய்த் தண்ணீர்

வண்டி சிக்னலில் நின்ற கொஞ்ச நேரத்தில், சாலையோரம் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டாள். வெளியூர்க்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ஒரு வாளித் தண்ணீரை என் கழுத்தில் கவிழ்த்துவிட்டாள். சும்மா தண்ணீர் இல்லை, ஐஸ் கட்டி மிதக்கிற தண்ணீர். எனக்கு மூச்சே நின்றுபோனது.

"ஏம்மா, அறிவு இருக்கா ஒனக்கு?" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த என் மகன் செந்தில் மொழிபெயர்த்தான்.

"நல்லா இருங்கன்னு சொல்லுதுப்பா."

"நல்லாத்தாண்டா இருந்தேன், இது ஊத்துற வரைக்கும்!"

தாய்லாந்தின் வடக்கே சியாங்மாய் என்ற ஊர். அங்கே அவர்களுடைய வருஷப் பிறப்பு நமது சித்திரை மாதப் பிறப்பை ஒட்டியே வருகிறது. நாலு நாள் கொண்டாட்டம். விமான நிலையத்திலிருந்து மகன் வீட்டுக்குப் போவதற்குள் ஊரே சேர்ந்து என்னை நனைத்துவிட்டது. நாங்கள் போன வண்டி நம் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி. இரண்டு பக்கமும் பெஞ்சு, பின்னால் கதவே கிடையாது, சிவப்பு பெயின்ட். கண்டக்டரும் கிடையாது. இறங்கவேண்டிய இடத்தில் பயணியே மணியை அமுக்கி, முன்னால் போய் டிரைவரிடம் காசைக் கொடுக்கவேண்டும். எனக்கு அதுவும் எரிச்சல். கண்டக்டர் இல்லாத வண்டியில் யார் யாரை முன்னால் போகச் சொல்வது?

ஏனென்றால் நான் கண்டக்டர். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் அரசு பஸ்ஸில் தோல்பை மாட்டிக்கொண்டு ஓடி ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கந்தர்வக்கோட்டை. மழையை நம்பிக் கிடக்கும் பூமி. சித்திரையில் முந்திரித் தோப்பைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்துவிடும். குழாயடியில் ஒரு குடத்துக்கு நடக்கிற சண்டையை வேடிக்கை பார்க்க பஸ்ஸே நின்றதுண்டு. இங்கே சாலை நெடுகப் பெரிய டிரம்களில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு போகிறவன் வருகிறவன் மேலெல்லாம் ஊற்றுகிறார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

எங்கள் பக்கமும் திருவிழா முடிந்தால் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம்தான். அதற்கு முறை உண்டு. மாமன், மச்சான், கொழுந்தியாள் என்று பார்த்துத்தான் ஊற்றவேண்டும். அண்ணன் தங்கை முறைக்காரர் மேல் ஊற்றிவிட்டால் பஞ்சாயத்தாகிவிடும். இங்கே முறையாவது ஒன்றாவது! போலீஸ்காரர் மேல் ஊற்றுகிறார்கள். அவரும் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறார், தண்ணீர்த் துப்பாக்கி.

இப்போது ஊர் திரும்பி உட்கார்ந்து எழுதும்போது, அந்தப் பெண் ஊற்றிய தண்ணீரையாவது சிரித்த முகத்தோடு வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. செந்தில் சிங்கப்பூரில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். கூட வேலை பார்த்த மாலி என்ற தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் ஊரான சியாங்மாயிலேயே ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கல்யாணத்தில் எங்களுக்கு வருத்தமில்லை. என் வீட்டுக்காரி சரசுதான் போனிலேயே மருமகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அதனால் மாலி பேசுகிற தமிழில் குடுமியான்மலை வாடை அடிக்கும். சரசு அந்த ஊர்க்காரி.

வருத்தம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரசு படுத்த படுக்கையானாள். "சித்திரை ஒண்ணாந்தேதிக்கு வந்துட்டுப் போடா தம்பி, ஒன்னையப் பாக்கணும் போல இருக்கு" என்று மகனிடம் போனில் சொன்னாள். "பாக்குறேம்மா" என்றான். மறுபடி கேட்டாள். மறுபடியும் "பாக்குறேம்மா." லீவு கிடைக்கவில்லையாம். வைகாசியில் அவள் போய்ச் சேர்ந்தபிறகு லீவு கிடைத்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், உடலைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எண்ணெயும் சீயக்காயும் தொட்டுத் தலையில் வைப்பார்கள். அவன் வந்து அம்மாவின் தலையில் வைத்தபோது, பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நான் சொன்னேன்: "உசுரோட இருக்கையில வரத் தெரியல. எண்ணெ சீயக்கா வைக்க மட்டும் வந்துட்டியாடா?"

அவன் தலையைக் குனிந்தபடி கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு போனில் எங்களுக்குள் இரண்டே பேச்சுதான். "சாப்டீங்களாப்பா?" "மாத்திரை போட்டீங்களாப்பா?" நானும் ஆச்சு ஆச்சு என்று சொல்லி வைத்துவிடுவேன். இந்தப் பங்குனியில் திடீரென்று சொன்னான்: "வருஷப் பொறப்புக்கு நீங்க இங்க வாங்கப்பா. இந்தத் தடவை நீங்க இருக்கணும்." குரல் ஒரு மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று எனக்குப் பட்டது. உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் இந்த வயசில் விமானம் ஏறினேன்.

முதல் நாள் அவர்கள் வீட்டில் போகி மாதிரி இருந்தது. மாலியின் அம்மா, என் சம்பந்தியம்மா, பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கணவர் இல்லாதவர், சந்தையில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். அன்றைக்குப் பழைய வருஷம் வீட்டை விட்டுப் போகிறதாம், போகிற போக்கில் குப்பையையும் கொண்டுபோகட்டும் என்று பெருக்கித் தள்ளுகிறார்கள். எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் சிரிப்பார், நான் தலையாட்டுவேன். நான் தலையாட்டினால் அவர் சோறு வைப்பார்.

சோறு என்றால் நம் சோறு இல்லை. மூங்கில் கூடையில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு. கையில் உருட்டினால் உருண்டை பிடித்துக்கொள்கிறது, குழம்பில் தோய்த்துத் தின்னவேண்டும். பிசைய முடியாத சோற்றை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன். "ரசம் இருந்தா இதை ஒரு கை பாக்கலாம்" என்று முணுமுணுத்தேன். மாலி அதைப் பிடித்துக்கொண்டு, மறுவேளைக்குப் புளித் தண்ணீரில் மிளகைத் தட்டிப் போட்டு ரசம் என்று கொண்டுவந்து வைத்தாள். "அத்தை சொல்லிக் குடுத்தாங்க மாமா" என்றாள். அத்தை சொல்லிக்கொடுத்த ரசம் அது இல்லை. இருந்தாலும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

இரண்டாம் நாள் நமக்குச் சித்திரை ஒன்று. கந்தர்வக்கோட்டையில் அன்றைக்கு நல்லேர் பூட்டுவார்கள். வருஷத்தின் முதல் உழவு. ஏர் மாடெல்லாம் போய் இப்போது டிராக்டர்தான், அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பேருக்கு ஒரு சுற்று உழுதுவிட்டு வருவார்கள். வருஷம் தவறாமல் அந்தப் புன்செய்க் காட்டில் நின்றவன் நான். இங்கே பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செந்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் யாரையும் திட்டாம இருக்கணும். பழைய வருஷமும் இல்ல, புது வருஷமும் இல்ல, நடுவால இருக்கற நாளு. இன்னைக்கு வாயில கெட்ட வார்த்தை வந்தா வருஷம் பூரா வாய் அழுகும்னு சொல்லுவாங்க."

"என்னையப் பாத்து எதுக்குடா சொல்ற?"

"சும்மாதான் சொன்னேன்."

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் குணம் மொழி தெரியாமலேயே அவருக்கு எட்டியிருந்தது. அன்றைக்கு முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தக் கட்டுப்பாட்டை மறுநாளுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

மத்தியானம் எல்லோரும் ஆற்றங்கரையிலிருந்து பாத்திரத்தில் மணல் அள்ளிக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வந்து போகும்போது காலில் ஒட்டிக்கொண்டு வெளியே போன மணலைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். கோயில் வாசலில் கொட்டிக் கோபுரம் மாதிரி குவித்துக் காகிதக் கொடி நட்டுவைக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் பிடித்துப்போனது. லாரி லாரியாக மணல் போன எங்கள் வெள்ளாற்றுக்கும் யாராவது இப்படித் திருப்பிக் கொண்டுவந்து கொட்டினால் புண்ணியமாகப் போகும்.

திரும்பும்போது சந்தைப் பக்கம் ஒரு துணிக்கடைக்குச் செந்தில் என்னைக் கூட்டிப் போனான். "நம்ம மாவட்டத்துக்காரர்ப்பா, பேசிக்கிட்டு இருங்க" என்று அறிமுகம் செய்தான். கோட்டைப்பட்டினத்துக்காரர், சாகுல் பாய். கடையைச் சாத்திவிட்டு, வாசலில் மேஜை போட்டு, செல்போன் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறை விற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, இங்கிட்டு நெழல்ல உக்காருங்க. நம்ம ஊரு பஸ் கண்டக்டரா நீங்க? சில்லறை இல்லன்னு என்னைய எறக்கி விட்டது நீங்கதானா?"

"நானா இருந்தா ஒங்க ஊரு வர்றதுக்கு முன்னாடி அரசர்குளத்துலயே எறக்கி விட்டிருப்பேன்" என்றேன். நான் அந்தத் தடத்தில் ஓடியதே இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் சிரித்தோம்.

வருஷப் பிறப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "இங்க நான் வருசத்துக்கு நாலு பாக்குறேண்ணே" என்றார். "ஜனவரிக்கு ஒண்ணு. வெள்ளக்காரப் பயலுவ வந்து வானத்துல பலூன் வெளக்கு விடுவானுங்க. அப்புறம் சீனாக்காரங்களுக்கு ஒண்ணு, வீதியெல்லாம் செவப்பு. இப்ப இது. எங்களுக்கு முஹர்ரம். சத்தமே இருக்காது, ஒரு துஆ ஓதிட்டு வேலையப் பாக்கப் போயிருவோம். நாலுலயும் எனக்குச் செலவில்லாதது அதுதான்."

எங்கள் ஊரிலும் ஜனவரி ஒன்றுக்கு வாசலில் இங்கிலீஷில் கோலம் போடுகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள். மாதா கோயிலிலிருந்து வருகிற ஜனங்கள் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். செந்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சரசு போனபிறகு என் பேச்சை அவன் இவ்வளவு நேரம் கேட்டது அன்றைக்குத்தான். கிளம்பும்போது, "நாளைக்குக் காலையில வீட்டுல ஒரு சாங்கியம் இருக்குப்பா. நீங்க சும்மா ஒக்காந்தா போதும்" என்றான்.

என்ன சாங்கியம் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். அல்லது நான் கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் கண் விழிக்கும்போதே ஏதோ சுட்ட வாசனை வந்தது. அடுப்படியில் சம்பந்தியம்மா கரியில் எதையோ வாட்டிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன். கூடத்தில் பாய் விரித்து என்னையும் சம்பந்தியம்மாவையும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நடுவில் ஒரு வெள்ளிக் கிண்ணம். மஞ்சள் கலந்த தண்ணீர், மேலே மல்லிகையும் வேறு ஏதோ பூக்களும் மிதந்தன.

முதலில் மாலி அவள் அம்மாவுக்கு முன்னால் முழங்காலிட்டாள். அம்மா இரண்டு கையையும் சேர்த்து நீட்ட, இவள் ஒரு சின்னச் சொம்பால் தண்ணீரை மெதுவாக உள்ளங்கையில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே ஏதோ சொன்னாள். சம்பந்தியம்மா அந்த ஈரக் கையால் தன் தலையைத் தடவிக்கொண்டு, மகளின் தலையையும் தொட்டார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கு அர்த்தம் புரியாவிட்டாலும் பார்க்க நன்றாக இருந்தது.

அடுத்து செந்தில் என் முன்னால் வந்து முழங்காலிட்டான். அவன் என் காலடியில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. நடு வகிட்டில் நரை விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"கைய நீட்டுங்கப்பா."

நீட்டினேன். தண்ணீர் விழுந்தது.

"அப்பா, அம்மா விசயத்துல நான்..."

அதற்குள் வாசனை மேலே ஏறிவிட்டது. சீயக்காய். சந்தேகமே இல்லை, சீயக்காய்! கிண்ணத்துக்குள் பார்க்கிறேன், பூவுக்கு அடியில் கறுப்பாக நெற்று கிடக்கிறது. பெற்ற பிள்ளை, அப்பன் கையில் சீயக்காய்த் தண்ணீர் ஊற்றுகிறான். "தொட்டுத் தலையில வச்சுக்கங்கப்பா" என்கிறான்.

என் கண்ணுக்குக் கூடம் தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசல் பந்தலும், பெஞ்சில் சரசுவும், அவள் நெற்றியில் வழிந்த எண்ணெயும்தான் தெரிந்தன. கையை வெடுக்கென்று உதறினேன். கிண்ணம் உருண்டு பாயெல்லாம் தண்ணீராயிற்று.

"என்னடா நெனச்சுக்கிட்டு இருக்க? ஒங்கம்மாவுக்கு வச்ச மாதிரி எனக்கும் வச்சு அனுப்பப் பாக்குறியா? உசுரோட இருக்கறவன் கையிலயாடா ஊத்துவ? இதுக்குத்தான் இம்புட்டுத் தூரம் வரவச்சியா?"

செந்தில் எழுந்திருக்கவே இல்லை. சொம்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. சம்பந்தியம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். மாலிதான் கேட்டாள், "மாமா, பயந்துட்டீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

தெருவில் இறங்கினால் அங்கேயும் தண்ணீர். சின்னதும் பெருசுமாக வந்து ஊற்றினார்கள். இந்தத் தடவை நான் யாரையும் திட்டவில்லை. சிவப்பு வண்டி ஒன்றில் ஏறி, சந்தை வருவதற்குள் தவறான இடத்தில் மணியை அமுக்கி இறங்கி, மீதித் தூரம் நடந்து, சொட்டச் சொட்டப் போய் சாகுல் பாயின் மேஜைக்கு முன்னால் நின்றேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். நடந்ததையெல்லாம் கொட்டினேன். "நீங்களே சொல்லுங்க பாய், நம்ம ஊர்ல இது அடுக்குமா?" என்று நியாயம் கேட்டேன்.

பாய் விற்கிற உறைகளை ஒரு ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"அண்ணே, அது அந்த மாதிரி இல்லண்ணே. இந்தப் பக்கம் சீயக்கா நெத்தைச் சுட்டுத் தண்ணியில போடுறது மங்களகரமான விசயம். வருசம் பூரா செஞ்ச தப்பு, பேசுன பேச்சு, எல்லாத்துக்கும் பெரியவங்க கையில இந்தத் தண்ணிய ஊத்தி மன்னிப்புக் கேப்பாங்க. பெரியவங்க அதைத் தொட்டுத் தலையில தடவிக்கிட்டா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம்."

நான் துண்டைக் கையில் பிடித்தபடி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நீங்க என்ன செஞ்சீங்க? கைய எடுத்துட்டீங்களா?"

"உதறிட்டேன் பாய்."

"கிண்ணம்?"

"உருண்டு போச்சு."

"யா அல்லாஹ்" என்றார் பாய்.

 எந்த வார்த்தைக்காக விமானம் ஏறினேனோ, அதை அவன் ஒரு கிண்ணத்தில் வைத்து, முழங்காலிட்டு நீட்டியிருக்கிறான். நான் தட்டிவிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒண்ணும் குடி முழுகிப் போகலண்ணே. இந்த மாசம் பூரா ஊத்துவாங்க. இன்னொரு தடவ ஊத்தச் சொல்லுங்க" என்றார்.

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? வாடா, வந்து என்கிட்ட மன்னிப்புக் கேளுன்னா?"

பாய் சிரிக்க வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினேன். செந்தில் ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான், பண்டிகைக் கூட்டத்தில் இரண்டு நாளுக்குமேல் லீவு கிடையாது. காலையில் சாங்கியத்துக்கு மட்டும் அனுமதி கேட்டு இருந்திருக்கிறான். வெள்ளிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கூடத்தில் விரித்திருந்த பாய் கொடியில் தொங்கியது. மாலியிடம், "காலையில, அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. அவள் கொடியைக் காட்டி, "பரவால்ல மாமா, காஞ்சிருச்சு" என்றாள்.

நாலாம் நாள் காலையில் மகன் தூக்கக் கண்ணோடு வந்தான். அன்றைக்கு வீட்டுக்கு வீடு பலாப்பிஞ்சுக் குழம்பு வைப்பார்கள். தின்றால் வருஷம் முழுக்க யாராவது நம்மைத் தாங்கிப் பிடிப்பார்கள் என்று நம்பிக்கை. "நல்லா இருக்கு" என்றேன். "நம்ம வடகாட்டுப் பலாக்கா மாதிரி வருமாப்பா?" என்றான். "அது மண்ணுடா." "ஆமாப்பா, அது செம்மண்ணு." இப்படியே சாப்பிட்டு முடியும்வரை போனது. பலாக்காயைப் பற்றி இரண்டு பேர் இவ்வளவு பேச முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நேற்றைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. கிண்ணம் அலமாரிக்குள் போய்விட்டிருந்தது.

நான் ஊருக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மா என் பெட்டியில் ஏதோ ஒரு பொட்டலத்தைத் திணித்தார். பலகாரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்று அவரைக் கும்பிட்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

விமான நிலையத்தில் செந்தில் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினேன். தாகத்துக்கு வாங்கவில்லை. சீயக்காய் இல்லாவிட்டால் என்ன, பூ இல்லாவிட்டால் என்ன, "ஊத்துடா" என்று பாட்டிலை அவன் கையில் கொடுத்து, உள்ளங்கையை நீட்டிவிடலாம் என்று திட்டம். அவன் வந்தான்.

"மாத்திரை கையில எடுத்து வச்சுக்கிட்டீங்களாப்பா?"

"ம்."

"பாஸ்போர்ட்டு?"

"இருக்கு."

"போய்ட்டு போன் பண்ணுங்க."

பாட்டில் மூடியைத் திருகினேன், மறுபடி மூடினேன். பின்னால் வரிசை நெருக்கியது. "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று ஆயுசு பூரா மற்றவர்களைத் தள்ளியவன், அன்றைக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அவன் என் தோளைத் தொட்டு லேசாக முன்னால் நகர்த்தினான். உள்ளே சோதனை போட்ட பெண், தண்ணீரைக் கொண்டுபோக முடியாது, குடி அல்லது போடு என்று சைகை காட்டினாள். நின்று குடித்துவிட்டுப் போனேன்.

கந்தர்வக்கோட்டையில் வந்து இறங்கியபோது ஊர் காய்ந்து கிடந்தது. நல்லேர் பூட்டிய காட்டில் டிராக்டர் போட்ட ஒரு சுற்றுக் கோடு மட்டும் தெரிந்தது, மழைக்காகக் காத்திருந்தார்கள். வீட்டைத் திறந்து பெட்டியைப் பிரித்தேன். சம்பந்தியம்மா வைத்த பொட்டலத்தில் பலகாரம் இல்லை. கரியில் வாட்டிக் கறுத்த சீயக்காய் நெற்றுகள், ஒரு கைப்பிடி. அவருக்கு அன்றைக்கு என்ன புரிந்தது, மாலி என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கோபமாக இருந்திருந்தால் இதைக் கட்டிக் கொடுத்திருக்கமாட்டார்.

சனிக்கிழமை காலையில் நெற்று ஒன்றை ஒடித்து, சொம்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். வாசலில் உட்கார்ந்து இடது கையால் சொம்பைச் சாய்த்து வலது உள்ளங்கையில் ஊற்றினேன். பாதி கீழே போனது. மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். சரசு குளித்துவிட்டு வரும்போது வீட்டுக்குள் வருகிற அதே வாசனை. இத்தனை நாள் அந்த வாசனையை நான் பந்தலோடு சேர்த்தே வைத்திருந்திருக்கிறேன். அவள் உயிரோடு இருந்த எத்தனையோ வெள்ளிக்கிழமைகளை மறந்துவிட்டேன்.

தலை காய்வதற்குள் செந்திலுக்கு வீடியோ கால் போட்டேன்.

"என்னப்பா, தலையெல்லாம் ஈரமா இருக்கு?"

"ஒன் மாமியார் குடுத்துவிட்ட சீயக்காடா. தலையில வச்சுக்கிட்டேன்."

 திரையில் படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, கண் இமைத்தது.

"யாருப்பா ஊத்துனா?"

"யாரு இருக்கா இங்க ஊத்த? நானேதான்."

"தானா ஊத்திக்கிட்டா அது சேராதுப்பா."

"தெரியும்டா. பாய் அர்த்தம் சொன்னாரு." பிறகு கேட்டேன். "அன்னைக்கு, அம்மா விசயத்துல நான்னு ஆரம்பிச்சியே. என்னடா அது?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் மாலி ஏதோ கேட்பதும், இவன் வேண்டாம் என்று கையசைப்பதும் தெரிந்தது.

"போன்ல சொல்ல வரலப்பா. அது தண்ணி ஊத்தையில சொல்றது."

"அப்ப நீ இங்க வா. வந்து ஊத்து. நானும் ஒனக்கு ஒண்ணு சொல்லணும். பந்தல்ல வச்சு நான் பேசுன பேச்சு..." என்னாலும் அதற்குமேல் போனில் சொல்ல முடியவில்லை. "சித்திரைக்கு முன்னாடியே வந்தாலும் சரி. லீவு கெடைக்குமா?"

"பாக்குறேம்ப்பா" என்றான்.

சரசுவிடம் அவன் இதையே சொன்னபோது, "வரமாட்டான்டி, பாக்குறேன்னா வரலன்னு அர்த்தம்" என்று நான்தான் அவளுக்கு விளக்கம் சொன்னேன். அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுநாளே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அவன் படுக்கிற மெத்தைக்கு உறை மாற்றச் சொன்னாள்.

மீதி நெற்றுகளை அரைக்கக் கொடுக்கவில்லை. சரசு சீயக்காய்த் தூள் போட்டு வைத்திருந்த தகர டப்பாவைத் துடைத்து, அதில் போட்டு மூடிவைத்திருக்கிறேன். அவன் மெத்தைக்கும் நேற்று உறை மாற்றினேன்.